மூன்றாவது வந்த மெதேயா

கி.மு. 431-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஏதென்ஸில் நாடகக் கடவுள் டயோனிசஸின் விழாவில் நடந்த நாடகப் போட்டியின் முடிவு இன்றும் நம்மிடம் இருக்கிறது. முதலிடம் யூஃபோரியன், மூத்த நாடகக் கவிஞர் ஈஸ்கிலஸின் மகன். இரண்டாமிடம் சோஃபோக்ளிஸ். மூன்றாமிடம் யூரிப்பிடிஸ். போட்டிக்கு அனுமதிக்கப்பட்டதே மூன்று கவிஞர்கள்தான் என்பதால் மூன்றாமிடம் என்றால் கடைசி. அந்த வருடம் யூரிப்பிடிஸ் கொண்டுவந்த நாடகங்களில் ஒன்று ‘மெதேயா’. முதலிடம் வாங்கிய யூஃபோரியனின் பெயரில் இன்று ஒரு நாடகம்கூட இல்லை.

நடுவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கவிஞரும் மூன்று துன்பியல் நாடகங்களும், கடைசியில் கூத்தடிக்கும் சத்யர் நாடகம் ஒன்றும் போட வேண்டும். நான்கையும் சேர்த்துத்தான் தீர்ப்பு. யூரிப்பிடிஸ் அந்த முறை போட்ட மற்ற மூன்றும் தொலைந்துபோய்விட்டன. அவை சொதப்பலாகவே இருந்திருக்கலாம், யார் கண்டது.

இருந்தாலும் நடுவர்களுக்கு ரசனை போதவில்லை என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது, புரிந்ததால்தான் கடைசியில் உட்கார வைத்தார்கள் என்று படுகிறது. சில வருடங்களாக யூரிப்பிடிஸை வரிசையில்லாமல், கையில் கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்புகளில் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க இந்த எண்ணம்தான் வலுக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கருங்கடலின் கிழக்குக் கரையில் கொல்கிஸ் நாட்டு இளவரசி மெதேயா. தங்கக் கம்பளி தேடி வந்த கிரேக்க வீரன் ஜேசனைக் காதலித்து, அவனுக்காகத் தகப்பனுக்குத் துரோகம் செய்து, தம்பியைக் கொன்று, கடல் தாண்டி வருகிறாள். கொரிந்த் நகரில் குடியிருக்கிறார்கள். இரண்டு ஆண் பிள்ளைகள். இப்போது ஜேசன் அந்நாட்டு அரசன் கிரேயோனின் மகளைக் கட்டிக்கொள்கிறான். அரசன் வந்து மெதேயாவை ஊரைவிட்டுப் போகச் சொல்கிறான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்கிறாள். கொடுக்கிறான். நாடகம் அந்த ஒரு நாள்தான்.

மெதேயாவை நாம் முதலில் பார்ப்பதில்லை, கேட்கிறோம். வீட்டுக்குள்ளிருந்து செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று கதறும் குரல். வெளியே வரும்போது என்ன கோலத்தில் வருவாளோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். வருகிறாள், கொரிந்த் பெண்களிடம் நிதானமாக, ஒரு வழக்கறிஞர் மாதிரி பேச ஆரம்பிக்கிறாள். மூச்சும் அறிவும் உள்ள உயிர்களிலேயே பாவப்பட்டவர்கள் பெண்கள்தான். பணத்தைக் கொட்டிக் கொடுத்துக் கணவனை வாங்க வேண்டும், வாங்கியபின் நம் உடம்புக்கு அவனே எஜமான். நல்லவனா கெட்டவனா என்பது வாங்கிய பிறகுதான் தெரியும். விட்டு விலகினால் கெட்ட பெயர் நமக்கு. போன வீட்டின் பழக்கவழக்கங்களை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஜோசியம் தெரிந்திருந்தால்தான் பிழைக்கலாம். ஆணுக்கு வீடு சலித்தால் வெளியே போய்விடுவான். ‘நீங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறீர்கள், போருக்குப் போவது நாங்கள்’ என்று வேறு சொல்வார்கள். ஒரு பிள்ளை பெறுவதற்குப் பதில் மூன்று முறை கேடயம் பிடித்து நிற்கத் தயார் என்கிறாள்.

இந்தப் பகுதியை நான் படித்தது ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தபோது, போனில். எதிரே பெரியம்மா ஒருவர் சீர்வரிசைத் தட்டுகளை இரண்டாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் உரை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் இந்தப் பேச்சின் கூர்மை முழுக்கப் புரிய ஏதென்ஸின் சட்டம் ஒன்று தெரிய வேண்டும். கி.மு. 451-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்தது: தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. அந்நியப் பெண்ணோடு வாழ்ந்து பிள்ளை பெற்றுக்கொண்டு, பிறகு குடியுரிமை உள்ள பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொள்பவன் ஏதென்ஸ் பார்வையாளனுக்குப் புராணப் பாத்திரம் அல்ல. பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். ஜேசன் பேசும் வாதத்தைக் கேளுங்கள்: எல்லாம் பிள்ளைகள் நன்மைக்குத்தான், அரச குடும்பத்துச் சம்பந்தம் கிடைத்தால் அவர்களுக்கும் உதவும், காட்டுமிராண்டிகள் நடுவிலிருந்து உன்னைச் சட்டம் உள்ள நாட்டுக்குக் கொண்டுவந்தேனே, அதற்கு நன்றி வேண்டாமா? வாதம் வழவழவென்று இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் மனதுக்குள் தலையாட்டியிருப்பார்கள், அப்புறம் தலையாட்டியதற்காகக் கூசியிருப்பார்கள்.

பிறகு நடப்பது தெரிந்ததே. விஷம் தோய்த்த மெல்லிய ஆடையும் தங்க மகுடமும் பிள்ளைகள் கையில் புதுப்பெண்ணுக்குப் போகின்றன. கொலை மேடையில் நடக்காது, தூதன் வந்து சொல்வான், அதுதான் கிரேக்க மரபு. இந்தத் தூதன் சொல்வதில் முதலில் வருவது கொலை இல்லை. அந்தப் பெண், ஜேசனும் பிள்ளைகளும் வீட்டைவிட்டுத் தூரம் போகும்வரைகூடப் பொறுக்காமல், ஆடையை உடுத்தி மகுடத்தை வைத்துக் கண்ணாடி பார்க்கிறாள். உயிரில்லாத தன் பிம்பத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். எழுந்து அறைக்குள் மெல்ல நடந்து பார்க்கிறாள். காலைப் பின்னால் நீட்டி, ஆடை கணுக்காலில் எப்படி விழுகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். புதுத்துணி போட்ட எந்தப் பெண்ணும் செய்வது. மேடைக்கே வராத, பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு பாத்திரம் அவள். சாகப்போகும் நிமிடத்தில் அவளை நமக்கு வேண்டியவளாக்கிவிடுகிறார். அடுத்த வரிகளில் சதை தீயில் உருகுகிறது. மகளைத் தூக்க வந்த அரசன் அவள் உடம்போடு ஒட்டிக்கொண்டு எழ முடியாமல் சாகிறான். மெதேயாவின் பக்கம் சாய்ந்திருந்தவர்களை யூரிப்பிடிஸ் இங்கே நன்றாக மாட்டிவிடுகிறார்.

பிள்ளைகளைக் கொல்லும் முடிவுக்கு அவள் வரும் தனிமொழியில், நான்கைந்து முறை மனம் மாறுகிறாள். வேண்டாம், கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்கிறாள். அவர்கள் கையைப் பிடிக்கிறாள், அந்த மென்மையான தோலையும் மூச்சின் இனிமையையும் சொல்கிறாள். கடைசியில், நான் செய்யப்போவது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் என் ஆத்திரம் என் யோசனைகளைவிடப் பலமாக இருக்கிறது என்கிறாள். தெரியாமல் செய்த பாவம், தகப்பனைக் கொன்று தாயை மணந்த ஈடிபஸுடையது, மன்னிக்க வழி உண்டு. தெரிந்தே செய்பவளை என்ன செய்வது?

யூரிப்பிடிஸுக்கு முன்னால் உலவிய கதைகளில், பிள்ளைகளைக் கொன்றது கொரிந்த் ஊர்க்காரர்கள் என்றும் ஒன்று உண்டு. பழியைத் தாயின் மீது மாற்றி எழுத கொரிந்த்காரர்கள் அவருக்கு ஐந்து தாலந்து வெள்ளி கொடுத்தார்கள் என்று பழைய உரைக்காரர்கள் வம்பு பேசியிருக்கிறார்கள். வம்பு வம்புதான், ஆனால் கதையை எந்த இடத்தில் திருகினார் என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

கடைசிக் காட்சிதான் என் கட்சிக்குச் சாட்சி. கொலை முடிந்து ஜேசன் கதவைத் தட்டுகிறான். அவள் கதவைத் திறந்து வரவில்லை. மேலே, வீட்டுக் கூரைக்கு மேலே, சூரியன் அனுப்பிய தேரில் பிள்ளைகளின் பிணங்களோடு நிற்கிறாள். தொட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சுகிறான், விடவில்லை. அரிஸ்டாட்டிலுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. முடிவு கதையிலிருந்தே வர வேண்டும், ‘மெதேயா’வில் நடப்பதுபோல மேலேயிருந்து இயந்திரத்தில் வரக்கூடாது என்று ‘கவிதையியல்’ நூலில் குட்டுகிறார். பெரியவர் சொல்வதற்கு மறுப்புச் சொல்லத் தயக்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். பளுதூக்கியில் ஏறி மேடைக்கு மேலே தெரிவது தெய்வங்களின் வழக்கம். தெய்வம் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் யூரிப்பிடிஸ் கொலைகாரியை நிறுத்திவைக்கிறார். தண்டனை இல்லை. சூரியன் தன் பேத்திக்கு வண்டி அனுப்புகிறான், அவ்வளவுதான்.

அந்த வண்டி எங்கே போகிறது? ஏதென்ஸுக்கு. நாடகத்தின் நடுவில் ஏதென்ஸ் அரசன் ஏகியஸ் அந்த வழியாக வருகிறான், பிள்ளையில்லாக் குறைக்கு வழி கேட்டு டெல்ஃபிக்குப் போய்த் திரும்பும் வழியில். மெதேயா அவனிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள்: என்ன நடந்தாலும் உன் ஊரில் எனக்கு அடைக்கலம். ஏகியஸ் காரணமில்லாமல் வந்து குதிக்கிறான் என்பதும் அரிஸ்டாட்டிலின் புகார். ஆனால் அக்ரோபோலிஸ் சரிவில் உட்கார்ந்திருந்த அந்த ஆயிரக்கணக்கானவர்களை நினைத்துப் பாருங்கள். அடைக்கலம் தரும் ஊர் என்று தங்களைப் பற்றி அவர்களுக்கு அத்தனை பெருமை. பிள்ளைகளின் ரத்தம் காயாத கையோடு ஒருத்தி வருகிறாள், அவளை ஏற்றுக்கொள்வதாக உங்கள் அரசன் சத்தியம் செய்துவிட்டான், வீட்டுக்குப் போங்கள் என்று நாடகம் முடிகிறது. நான் நடுவராக இருந்திருந்தால் நானும் கடைசி இடம்தான் கொடுத்திருப்பேன்.

மூன்று வருடம் கழித்து, கி.மு. 428-இல், ‘ஹிப்போலிட்டஸ்’ நாடகத்துக்கு முதற்பரிசு. அதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. அதே கதையை முன்பு ஒருமுறை எழுதியிருந்தார். அதில் ஃபீட்ரா தன் மூத்தாள் மகனிடம் வெட்கமில்லாமல் ஆசையைச் சொல்கிறாள். ஊர் கொதித்தது. திருத்தி எழுதியதில் ஃபீட்ரா ஆசையை அடக்கி, பட்டினி கிடந்து சாகப் பார்க்கிறாள். பரிசு கிடைத்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம் எழுதிய மனிதருக்கு வாழ்நாளில் நான்கே முதற்பரிசு. சோஃபோக்ளிஸ் டயோனிசஸ் விழாவில் மட்டும் 18 வாங்கினார்.

‘ட்ரோய் பெண்கள்’ கி.மு. 415-இல் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் மெலோஸ் தீவு விழுந்திருந்தது. ஏதென்ஸோடு சேர மாட்டோம், நடுநிலையாக இருக்கிறோம் என்றார்கள் மெலோஸ்காரர்கள். முற்றுகையிட்டுப் பிடித்து, வயதுவந்த ஆண்களையெல்லாம் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது ஏதென்ஸ். வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் இதை இரண்டு வரியில் உலர்ந்த குரலில் எழுதியிருக்கிறார். நாடகம் மெலோஸை மனதில் வைத்து எழுதப்பட்டதா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள், எழுதி ஒத்திகை பார்க்க நேரம் இருந்திருக்காது என்று ஒரு கட்சி. இருக்கட்டும். பார்க்க வந்தவர்களில் மெலோஸுக்குப் போய்வந்தவர்கள் இருந்தார்கள், அது போதும்.

இந்த நாடகத்தில் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. கிரேக்கர்கள் ட்ரோய் நகரத்தைப் பிடித்துவிட்டார்கள், போர் முடிந்துவிட்டது. ஆண்கள் செத்துவிட்டார்கள். பெண்கள் கூடாரங்களுக்கு வெளியே காத்திருக்கிறார்கள், யார் யாருக்குப் பங்கு என்று தெரிவதற்காக. ஒரு தூதுவன் திரும்பத் திரும்ப வருகிறான், ஒவ்வொரு முறையும் இன்னொரு செய்தி. தால்தூபியஸ் என்ற அந்தத் தூதுவனை யூரிப்பிடிஸ் கெட்டவனாக எழுதவில்லை, அதுதான் கொடுமை. மேலிடத்து உத்தரவை நிறைவேற்றும் ஒரு சங்கடப்பட்ட அலுவலர். செத்துப்போன ட்ரோய் வீரன் ஹெக்டரின் மனைவி அந்த்ரோமகேயிடம், உன் சின்ன மகனை மதில்மேலிருந்து தள்ளிவிடத் தீர்மானம் ஆகிவிட்டது என்கிறான். சபிக்காதே, படைக்குக் கோபம் வந்தால் பிள்ளையைப் புதைக்கக்கூட விடமாட்டார்கள் என்று புத்தி சொல்கிறான். நல்லெண்ணத்தோடுதான்.

பிணம் திரும்பி வருகிறது. தாயைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள், பாட்டி ஹெக்குபாதான் அடக்கம் செய்ய வேண்டும். சவப்பெட்டி கிடையாது, அப்பன் ஹெக்டரின் கேடயத்தில் கிடத்துகிறார்கள். அந்தக் கேடயத்தைப் பார்த்து ஹெக்குபா பேசுகிறாள்: கைப்பிடியில் என் மகன் கை பதிந்த தடம் இருக்கிறது, விளிம்பில் அவன் வியர்வை படிந்திருக்கிறது, போரில் களைத்துத் தாடியை இதில் சாய்த்தபோது நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை. பாட்டி, நீ செத்தால் நான் முடி வெட்டிப் போடுவேன், நண்பர்களைக் கூட்டி வருவேன் என்று என் படுக்கையில் விழுந்து சொன்னாயே, இப்போது நான் உனக்குச் செய்கிறேனே என்று பேரனிடம் அழுகிறாள். ஒப்பாரி கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்த வரிகளின் போக்கு புரியும். கல்லறையில் என்ன எழுதுவது என்று கேட்டுவிட்டு அவளே சொல்கிறாள்: இந்தக் குழந்தையைக் கிரேக்கர்கள் கொன்றார்கள், பயத்தால்.

இரண்டாமிடம். முதலிடம் செனோக்ளிஸ் என்பவருக்கு. நடுவர்கள் ஒன்று மடையர்கள், அல்லது காசு வாங்கியவர்கள் என்று பல நூற்றாண்டுகள் கழித்து ஏலியன் என்ற எழுத்தாளர் கோபப்பட்டார். ஃபெராய் நகரத்துக் கொடுங்கோலன் அலெக்சாண்டரைப் பற்றி, வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் சொல்வதை வைத்துப் பார்த்தால் நடுவர்களையும் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம். ‘ட்ரோய் பெண்கள்’ பார்த்துக்கொண்டிருந்த அவன் பாதியில் எழுந்து போய்விட்டானாம். நாடகம் மோசமில்லை, நான் கொன்ற யாருக்காகவும் இரங்காதவன் ஹெக்குபாவுக்காக அழுவதை ஊர் பார்த்தால் அசிங்கம் என்று நடிகனுக்குச் சொல்லியனுப்பினானாம்.

அதே வருடம் கோடையில் ஏதென்ஸின் மாபெரும் கப்பற்படை சிசிலிக்குக் கிளம்பியது. நாடகத்தின் தொடக்கத்தில் ஆதீனாவும் பொசைடனும் வெற்றி பெற்ற கிரேக்கர்களின் கப்பல்களைக் கடலில் கவிழ்க்கப் பேசிவைத்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். கி.மு. 413-இல் படை முழுதாக அழிந்தது. பிடிபட்ட 7,000-க்கும் மேற்பட்டவர்களைச் சிராக்யூஸின் கல்குவாரிகளில் அடைத்தார்கள், அரைவயிற்றுத் தானியமும் ஒரு கிண்ணம் தண்ணீரும் தினப்படி. சிசிலிக்காரர்களுக்கு யூரிப்பிடிஸ் பைத்தியம் என்கிறார் புளூட்டார்க். அவர் வரிகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த கைதிகள் சிலருக்கு விடுதலை கிடைத்தது. போர்க்களத்திலிருந்து சிதறி ஓடியவர்கள் அவர் பாடல்களைப் பாடிச் சோறும் தண்ணீரும் வாங்கிக் குடித்தார்கள். ஊர் திரும்பியவர்கள் நேரே யூரிப்பிடிஸ் வீட்டுக்குப் போய் நன்றி சொன்னார்களாம். சொந்த ஊர் நடுவர்கள் கொடுக்காததை எதிரி ஊர் சிறைக்காவலன் கொடுத்திருக்கிறான்.

கி.மு. 406 வாக்கில் மாசிடோனியாவில், அரசன் ஆர்க்கெலாஸின் ஆதரவில் இருந்தபோது யூரிப்பிடிஸ் இறந்தார். செய்தி வந்ததும் தொண்ணூறு வயதுப் போட்டியாளர் சோஃபோக்ளிஸ் துக்க உடையில் மேடைக்கு வந்தார், தன் நடிகர்களைத் தலையில் மாலையில்லாமல் நிறுத்தினார். அடுத்த வருடம் அரிஸ்டோஃபனிஸ் ‘தவளைகள்’ நகைச்சுவை நாடகத்தைப் போட்டார். நாடகக் கடவுள் டயோனிசஸ் யூரிப்பிடிஸைத் திரும்பக் கூட்டிவரப் பாதாளத்துக்குப் போகிறார், அங்கே ஈஸ்கிலஸோடு போட்டி நடக்கிறது. ஜெயித்து மேலே வருவது ஈஸ்கிலஸ். செத்தும் தோல்வி! ஆனால் கையெழுத்துப் பிரதியாக விட்டுப்போன ‘பாக்கே’யை மேடையேற்றியபோது முதற்பரிசு கிடைத்தது, ஐந்தாவது. அதிலும் ஒரு தாய் தன் மகனைத் துண்டுதுண்டாகக் கிழிக்கிறாள், இந்த முறை தெரியாமல், மகனின் தலையைச் சிங்கத்தலை என்று நினைத்து ஏந்தி வருகிறாள். கி.மு. 53-இல் ரோமத் தளபதி கிராசஸ் பார்த்தியர்களிடம் செத்தபோது, வெட்டிய அவன் தலை அர்மீனிய அரசவைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் இந்தக் காட்சிதான் நடந்துகொண்டிருந்ததாம். நடிகன் பொம்மைத் தலையை வைத்துவிட்டு நிஜத்தலையைத் தூக்கிக்கொண்டு அதே வரிகளைப் பாடினான். புளூட்டார்க் சரக்கு, கொஞ்சம் உப்பு குறைத்துச் சாப்பிடலாம்.

நம் பக்கத்துக்கும் ஒரு கிளை வந்திருக்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் நாணல்தாள் ஒன்றில் கேலி நாடகம் ஒன்று உள்ளது. காரிட்டியன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கரையில் ஒரு கோயிலில் சிக்கியிருக்கிறாள், அவள் அண்ணன் வந்து மீட்கிறான். யூரிப்பிடிஸின் ‘தௌரியர் நாட்டில் இஃபிகெனியா’ கதையை உல்டா செய்தது. இந்திய அரசன் பேசும் வரிகள் பழங்கன்னடம் என்று சிலர் வாதிட்டார்கள், வெறும் உளறல் என்று மற்றவர்கள். அரசனுக்கும் ஆட்களுக்கும் ஊற்றிக்கொடுத்துக் கவிழ்த்துவிட்டுத் தப்பிக்கிறார்கள், அது எந்த மொழியில் இருந்தாலும் புரியும்.

ஏறக்குறைய 90 நாடகங்களில் இன்று கையில் இருப்பவை 19, அதிலும் ஒன்று அவருடையதா என்பது சந்தேகம். ஈஸ்கிலஸுக்கும் சோஃபோக்ளிஸுக்கும் தலா ஏழு. தோற்றவருக்கு இத்தனை கிடைக்க ஒரு காரணம், பள்ளிகளிலும் மேடைகளிலும் அவர்தான் அதிகம் ஓடினார். இன்னொரு காரணம் சுத்தமான அதிர்ஷ்டம். பத்து நாடகங்கள் பாடத்தேர்வாகத் தப்பின. மற்ற ஒன்பதும் கிரேக்க அகரவரிசையில் அருகருகே உள்ள சில எழுத்துகளில் தொடங்குபவை: ‘எலெக்ட்ரா’, ‘ஹெலன்’, ‘ஐயோன்’, ‘சைக்ளோப்ஸ்’ என்று. முழுத் தொகுப்பு ஒன்றின் ஏதோ ஒரு பாகம், பழைய புத்தகக் கடையில் கலைக்களஞ்சியத்தின் நடுத்தொகுதி மட்டும் கிடைப்பதுபோல, பைசாந்தியத்தில் எஞ்சியிருந்திருக்கிறது. ஃபிளாரன்ஸ் நூலகத்தில் உள்ள 14-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று இல்லையென்றால் அவையும் போயிருக்கும். ஏதென்ஸ் அரசே பாதுகாத்த அதிகாரபூர்வப் பிரதியை அலெக்சாண்டிரியாவுக்காகத் தாலமி அரசன் 15 தாலந்து வெள்ளி முன்பணம் கட்டி இரவல் வாங்கினான் என்கிறார் மருத்துவர் கேலன். ஒரு தாலந்து சுமார் 26 கிலோ. நகலைத் திருப்பி அனுப்பிவிட்டு மூலத்தை வைத்துக்கொண்டான், முன்பணம் போனால் போகட்டும் என்று. புத்தகம் இரவல் கொடுத்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இப்போதும் வந்துகொண்டிருக்கிறது. 2022-இல் எகிப்தின் ஃபிலடெல்ஃபியா என்ற பழைய ஊரின் இடுகாட்டில் கிடைத்த பாப்பிரஸில் அவருடைய 97 வரிகள் இருந்தன, 2024-இல் வெளியிட்டார்கள். தொலைந்துபோன ‘பொலியிடஸ்’, ‘ஐனோ’ என்ற இரண்டு நாடகங்களின் பகுதிகள். ‘ஐனோ’ என்ற பெயரைப் பார்த்ததும் நான் மெதேயாவைப் புரட்டினேன். வீட்டுக்குள் பிள்ளைகள் அலறும்போது கதவுக்கு வெளியே நிற்கும் கோரஸ் பெண்கள், பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள் இதற்கு முன் ஒருத்திதான் உண்டு, ஐனோ என்று பாடுவார்கள். அவள் பெயரில் எழுதிய நாடகத்திலோ, பழைய கதைச்சுருக்கத்தின்படி, யூரிப்பிடிஸ் கதையைத் திருப்பியிருக்கிறார். சக்களத்தி தெமிஸ்தோ ஐனோவின் பிள்ளைகளைக் கொல்லத் திட்டமிட்டு, யாரென்று தெரியாமல் ஐனோவிடமே ஏற்பாட்டைச் சொல்கிறாள்: என் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுத்து, அவள் பிள்ளைகளுக்குக் கறுப்பு. ஐனோ மாற்றி உடுத்துகிறாள். இருட்டில் தெமிஸ்தோ தன் பிள்ளைகளையே கொல்கிறாள். ‘பாக்கே’ பற்றித் தனியாக எழுதலாம் என்று குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு இந்த 97 வரிகளைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.